செம்பு சூட்கேசில், அம்மா கைப்பையில்

கேள்வி: அக்கா, என் அம்மா ரொறன்ரோவில் அண்ணா வீட்டில் காலமானார். தகனமும் அங்கேயே முடிந்துவிட்டது. 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடற்கரையில் செய்ய, அண்ணா அஸ்தியை டோஹா வழியாகக் கொண்டு வருகிறார். அம்மா சாமியறையில் வைத்திருந்த பித்தளைச் செம்பில் போட்டு, சூட்கேசில் வைக்கப் போகிறாராம். விமானத்தில் விடுவார்களா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, அஸ்தி கொண்டுவர விடுவார்கள். ஆனால் செம்பிலும் வேண்டாம், சூட்கேசிலும் வேண்டாம். இன்றிரவே அண்ணாவுக்குச் சொல்லிவிடுங்கள்.

பட்டுத் தெரிந்துகொண்டவள் சொல்கிறேன். லண்டனில் இறந்த என் கணவரின் சாம்பலைச் செம்பில் போட்டு, வெள்ளைத் துணியால் வாய்கட்டி விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரே திரையில் அது வெறும் கறுப்பு உருண்டையாகத் தெரிந்தது. உலோகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. திறந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். அஸ்திப் பாத்திரத்தைத் திறக்க மாட்டோம் என்று அந்த அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். வழியனுப்ப வந்த பெறாமகள் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் வைத்து அவரை அதற்கு மாற்றினோம். காற்றில் கொஞ்சம் பறந்து என் சேலையில் ஒட்டியது. தட்டிவிட மனம் வரவில்லை. அப்படியே கட்டுநாயக்க வரை வந்தேன்.

கனடாவிலும் இதேதான். உள்ளே இருப்பது திரையில் தெரியாவிட்டால் அனுமதி இல்லை. டோஹாவில் விமானம் மாறும்போது மறுபடியும் சோதனை உண்டு. மரம், அட்டை, பிளாஸ்டிக் என்றால் பிரச்சினை வராது. இறுதிச்சடங்கு நடத்திய மலர்ச்சாலையில் பிளாஸ்டிக் பெட்டியில் கொடுத்திருந்தால், அதைப் பிரிக்காமல் கைப்பையில் கொண்டுவரட்டும். சூட்கேஸ் வழியில் தவறிப்போனால் அந்தியேட்டிக்கு என்ன செய்வீர்கள்? மரணச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் பிரதிகளோடு கையில் இருக்க வேண்டும். விமான நிறுவனங்களுக்கு ஆளுக்கொரு விதி. அதனால் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

இன்னொன்றுக்கு உங்கள் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். தகனத்துக்குப் பின் வரும் காடாத்து அன்று நாம் பால் தெளித்துப் பொறுக்கும் எலும்புகள் அந்தப் பெட்டியில் இருக்காது. அங்கே அவற்றை இயந்திரத்தில் அரைத்துத்தான் தருவார்கள். பருமணல் போல, வெளிர்நிறத்தில், இரண்டு மூன்று கிலோ பாரத்தில் இருக்கும். முதன்முதலில் கையில் வாங்கியபோது, இதுவா அவர் என்று நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இலக்கம் பொறித்த சின்னத் தகடு ஒன்றும் உள்ளே கிடக்கலாம். கரைக்கும் முன் அதை எடுத்துவிடுங்கள்.

சரி, அம்மாவின் செம்பு? அது வெறுமையாகச் சூட்கேசில் வரட்டும். கீரிமலையில், ஐயர் சொல்லும் நேரத்தில், பெட்டியிலிருந்து செம்புக்கு மாற்றிக்கொள்ளலாம். கடற்காற்று வீசும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று மாற்றுங்கள்.