நகராட்சி அலுவலகத்தை ஷாப்பிங் காம்ப்ளக்ஸுக்கு மாற்றலாமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள சிறிய நகராட்சி எங்கள் ஊர். நகராட்சி அலுவலகக் கட்டடம் பழசாகிவிட்டது. மழைக்கு ஒழுகுகிறது, காரை பெயர்ந்து விழுகிறது. கடைத்தெருவில் தனியார் ஒருவர் கட்டிய மூன்று மாடி ஷாப்பிங் காம்ப்ளக்ஸில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. அதன் மேல் இரண்டு மாடிகளை நகராட்சி வாடகைக்கு எடுத்து, மொத்த அலுவலகத்தையும் அங்கே கொண்டுபோகலாம் என்று பேச்சு நடக்கிறது. ஜனம் வந்தால் வியாபாரம் கூடும் என்று வியாபாரிகள் சங்கத்தில் பலரும் ஆதரிக்கிறார்கள். ஆதரவு மனுவில் நானும் கையெழுத்துப் போடலாமா?
– ஜவுளிக்கடைக்காரர் ஒருவர்

பதில்: இப்போது பேசப்படுகிற வடிவத்தில் போடாதீர்கள். வரி வசூல், பிறப்பு இறப்புச் சான்று, குடிநீர்க் கட்டணம் இவற்றுக்கான கவுண்ட்டர்கள் கடைத்தெருவுக்கு வரட்டும், நல்லதுதான். முழு அலுவலகமும் தனியாருக்கு வாடகை கொடுத்துக்கொண்டு மாடியில் உட்காருவது வேறு விஷயம்.

யோசனையே கேலிக்குரியது என்று நான் சொல்லவில்லை. ராமநாதபுரத்தில் சேதுபதிகளின் அரண்மனையை ஒட்டித்தான் இன்றைக்கும் கடைத்தெரு இருக்கிறது. அதிகாரமும் வியாபாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது நமக்குப் பழக்கமான ஏற்பாடு. கலெக்டர் அலுவலகம் பட்டணம்காத்தான் பக்கம் இருப்பதால் ஒரு மனு கொடுக்க ஆட்டோ பிடித்துப் போகிறவர்களைக் கேட்டால், அலுவலகம் ஊருக்கு நடுவில் இருப்பதன் அருமை தெரியும். காலியான வணிகக் கட்டடத்துக்குள் நகராட்சி குடிபோவதும் புதிதல்ல. ஜப்பானில் இஷினோமாகி என்ற மீன்பிடித் துறைமுக நகரம், மூடிப்போன ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டடத்துக்கு 2010-இல் தன் நகராட்சியை மாற்றியது. தோச்சிகி நகரமும் 2014-இல் அப்படியே செய்தது. தோச்சிகியில் மேலே நகராட்சி, தரைத்தளத்தில் கடை. ஆனால் கவனியுங்கள்: இரண்டு ஊரிலும் கட்டடம் நகராட்சியின் சொத்தாக மாறியது. உங்கள் ஊரில் பேசுவது வாடகை.

உங்கள் பிழைப்பு சம்பந்தப்பட்டது என்பதால் முதலில் வியாபாரக் கணக்கைப் பார்ப்போம். நகராட்சிக்கு வருகிற ஆளும் ஜவுளி எடுக்க வருகிற ஆளும் ஒரே ஆள் அல்ல. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூட்டம் வரும், மற்ற மாதங்களில் சொற்பம்தான். அந்தக் கூட்டமும் வருடா வருடம் குறையும். வரியை ஃபோனிலேயே கட்டுகிறார்கள், பிறப்புச் சான்றை இணையத்தில் இறக்கிக்கொள்கிறார்கள். மிச்சம் இருப்பது அலுவலக ஊழியர்கள். அவர்கள் டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் ஓட்டலுக்கும் நல்ல வாடிக்கை. உங்களுக்கு வியாபாரம் சூடு பிடிக்கும் சாயங்கால நேரத்தில் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். சனி, ஞாயிறில் மேல் இரண்டு மாடியும் இருட்டு.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் வூர்ஹீஸ் நகரம் இதைப் பரீட்சித்துப் பார்த்தது. நொடிந்துகொண்டிருந்த மாலுக்குள் 2011-இல் தன் அலுவலகத்தைக் கொண்டுபோய் வைத்தது. அதற்குப் பிறகும் அந்த மாலில் கடைகள் மூடிக்கொண்டேதான் போயின. உங்கள் ஊர் காம்ப்ளக்ஸில் கடைகள் ஏன் காலி என்பதை முதலில் கேளுங்கள். முன்பணம் அதிகமா, வண்டி நிறுத்த இடமில்லையா, மாடி ஏற ஜனத்துக்குச் சோம்பலா, வெளிநாட்டுப் பணம் வருவது குறைந்துபோனதா? இதில் எதையும் நகராட்சி குடிவந்து சரிசெய்யாது. உறுதியாகப் பலன் அடைகிறவர் கட்டட உரிமையாளர் ஒருவர்தான். மாதம் தவறாத வாடகை அவருக்கு.

எனக்கு இதில் பெரிய உறுத்தல் வேறு. அந்தக் காம்ப்ளக்ஸுக்குச் சொத்து வரி போடுவது யார்? நகராட்சி. அங்கே உள்ள கடைகளுக்குத் தொழில் உரிமம் கொடுப்பதும், அனுமதித்த வரைபடத்துக்கு மாறாகக் கட்டியிருந்தால் நோட்டீஸ் விடுவதும், வாகனம் நிறுத்தும் இடத்தைக் கடையாக மாற்றியிருந்தால் பூட்டி சீல் வைப்பதும் அதே நகராட்சி. நாளைக்கு அது அங்கேயே குடித்தனக்காரராக இருந்தால் என்ன நடக்கும்? மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருப்பவர் வீட்டுக்காரரிடம் நியாயம் பேசப் போனது மாதிரிதான் இருக்கும். உரிமையாளர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனால் வரி குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்று எதிர்க் கடைக்காரர் சந்தேகப்பட்டால் அதைத் தீர்க்க வழியில்லை. அந்த எதிர்க் கடைக்காரர் நீங்களாகவும் இருக்கலாம்.

அப்புறம் கடன். பாதி காலியாக இருக்கும் வணிக வளாகத்தின் மேல் வங்கிக் கடன் இருப்பது சகஜம். தவணை நின்றால் 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டப்படி வங்கி கட்டடத்தைக் கைப்பற்றலாம். அடமானத்துக்குப் பிறகு வங்கியின் சம்மதம் இல்லாமல் போட்ட குத்தகையை வங்கி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நகராட்சி அலுவலக வாசலில் வங்கி நோட்டீஸ் ஒட்டும் காட்சி நமக்கு வேண்டாம். வில்லங்கச் சான்று எடுக்காமல் யாரும் இதைப் பற்றி மேற்கொண்டு பேசவே கூடாது.

இன்னொன்று, நகராட்சி என்றால் மேஜை நாற்காலி மட்டுமல்ல. விடிகாலையில் தூய்மைப் பணியாளர்கள் மஸ்டருக்கு, அதாவது வருகைப் பதிவுக்கு, வந்து நிற்க வேண்டும். குப்பை வண்டிகள், குடிநீர் லாரி, கொசு மருந்து அடிக்கும் இயந்திரம், பிளீச்சிங் பவுடர் மூட்டை, மழைக்காலத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் எங்கே இருக்கும்? காம்ப்ளக்ஸ் ஷட்டர் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்றால், அவர்கள் தெருவில்தான் நிற்பார்கள்.

குடிநீர் நின்றுபோனால் நம் பெண்கள் காலிக் குடத்தோடு எங்கே போவார்கள்? நகராட்சி வாசலுக்கு. ராமநாதபுரம் மாதிரித் தண்ணீருக்குத் தவிக்கிற மாவட்டத்தில் அந்த வாசல் ஊருக்குச் சொந்தமான இடமாக இருந்தாக வேண்டும். தனியார் காம்ப்ளக்ஸில் வாசலில் இருப்பவர் உரிமையாளர் வைத்த செக்யூரிட்டி. வியாபாரம் கெடுகிறது என்று அவர் விரட்டினால், சட்டம் அவர் பக்கம் பேசும். கடைக்காரர் என்ற முறையில் உங்களுக்கும் அந்த நாள் சங்கடமாகத்தான் இருக்கும். கீழே முற்றுகை, போலீஸ். பண்டிகைக்குத் துணி எடுக்க வந்தவர் அப்படியே திரும்பிப் போவார்.

சரி, இனி கட்டடம். நம் கடற்கரையில் உப்புக் காற்று கான்கிரீட்டைச் சும்மா விடாது. பழைய அலுவலகத்தில் காரை பெயர்ந்து விழுகிறது என்கிறீர்களே, பெரும்பாலும் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியதால் வருவது அது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைக் கடைசிவரை துருவோடு போராடித்தான் ஓட்டினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றுபோனது. காம்ப்ளக்ஸ் புதிதாகத் தெரிகிறது, டைல்ஸ் பளபளக்கிறது என்பதையெல்லாம் நம்பாதீர்கள். கடலோரக் காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை கேட்பது குறைந்தது எம்.30 வலிமை உள்ள கலவை, கம்பியை மூடி நிற்க 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர். தனியார் கட்டுமானத்தில் இதைக் கறாராகப் பார்த்துச் செய்தவர்கள் குறைவு. கலவைக்கு என்ன தண்ணீர் ஊற்றினார்கள் என்பது அதைவிட முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் ஆகாது. நம் பக்கம் பல போர்வெல் தண்ணீரை வாயில் வைத்தாலே பதில் தெரிந்துவிடும்.

நல்லவேளையாக இதைச் சோதிக்க வெகுதூரம் போக வேண்டாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஆட்கள் சொல்லும் சிக்ரி, இருக்கிறது. துரு அதன் முக்கியமான ஆராய்ச்சித் துறைகளில் ஒன்று. நம் மண்டபத்திலேயே உலோகங்களைக் கடல் காற்றில் வைத்துச் சோதித்துப் பார்த்தவர்கள். கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் கோர் சோதனையும், கம்பியின் துரு நிலையைக் காட்டும் ஹாஃப் செல் சோதனையும் செய்த அறிக்கை இல்லாமல் குத்தகை பேசக் கூடாது. அதே சோதனையைப் பழைய அலுவலகத்துக்கும் செய்யச் சொல்லுங்கள். ஒருவேளை அதைப் பழுதுபார்த்தே பயன்படுத்த முடியலாம். அந்தக் கணக்கை யாராவது போட்டார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

பாரக் கணக்கும் உண்டு. கடைத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோ பாரம் என்று கணக்கிட்டு வடிவமைப்பார்கள். கவுண்ட்டர், கம்ப்யூட்டருக்கு அது தாராளம். ஆவண அறைக்குத் தரநிலை கேட்பது சுமார் 500 கிலோ. பல பத்தாண்டுப் பதிவேடுகளை இரும்பு அலமாரிகளில் நெருக்கி அடுக்கினால் அதையும் தாண்டலாம். கீழே துணிக்கடைகள் வேறு. தி.நகரில் 2017 மே மாதம் ஒரு பெரிய ஜவுளிக் கட்டடம் எரிந்து, கடைசியில் இடித்தே தீர வேண்டியதாயிற்று. பிறப்பு இறப்புப் பதிவேட்டையும் சொத்து வரிக் கோப்பையும் அப்படி ஒரு இடத்துக்கு மேலே வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

தண்ணீர் விஷயத்தில் இஷினோமாகியை மறுபடி பார்க்க வேண்டும். குடிபோய் ஒரு வருடத்தில், 2011 மார்ச் 11 அன்று, சுனாமி வந்தது. மேல்மாடி அலுவலகம் தப்பித்தது. ஆனால் சுற்றிலும் தண்ணீர் நின்றதால், ஊரைக் காப்பாற்ற வேண்டிய அதிகாரிகள் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். 2004 சுனாமியில் இலங்கை மறைத்து நின்றதால் நம் கடற்கரை பெரும்பாலும் பிழைத்தது. நமக்கு ஆபத்து புயலும் அடைமழையும்தான். 1964 தனுஷ்கோடியை நான் விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அன்றைக்கு உங்கள் கடைத்தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது? காம்ப்ளக்ஸின் ஜெனரேட்டரும் மின் பலகையும் தரைத்தளத்தில் இருக்கின்றனவா, மேலேயா? ஜெனரேட்டர் நனைந்தால் மாடியில் நகராட்சி இருந்தும் இல்லாத கதைதான்.

லிஃப்ட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாய்தளமும் எப்போதும் ஓடுகிற லிஃப்ட்டும் இல்லாத இடத்தில் மக்கள் அலுவலகம் வைப்பது 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு எதிரானது. இரண்டு மாடி ஏறி ஆயுள் சான்று கொடுக்க முதியவர்களை வரச் சொல்வது சட்டம் இல்லாவிட்டாலும் தப்பு.

அப்படியானால் சங்கம் என்ன கேட்கலாம்? கடைத்தெருவில், தரைத்தளத்தில், இரண்டு மூன்று கடை அளவுக்கு ஒரு சேவை மையம் கேளுங்கள். இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும், ஞாயிறும் இயங்கும் என்றால்தான் உங்களுக்கு அதனால் ஜனம் வரும். முதலில் நகராட்சிக்குச் சொந்தமான கடைகள், பேருந்து நிலையத்திலோ சந்தையிலோ, காலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தனியாருக்கு ஒரு ரூபாய் வாடகை தேவையில்லை. மன்றக் கூடம், ஆவண அறை, பொறியியல் பிரிவு, வண்டி ஷெட் ஆகியவை நகராட்சியின் சொந்த நிலத்திலேயே இருக்கட்டும், கட்டடம் பழுதுபார்த்ததோ புதியதோ. பழைய இடம் கடலுக்கு மிக அருகில் என்றால், புதிதாகக் கட்டும் முன் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். புதுக் கட்டடம் முடியும்வரை தற்காலிகமாகக் காம்ப்ளக்ஸில் இருப்பதை நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் காலியாகும் தேதி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், புதுக் கட்டடத்துக்கு நிதி ஒதுக்கிய தீர்மானமும் கூடவே வர வேண்டும். இல்லாவிட்டால் தற்காலிகம் என்பது அடுத்த தேர்தலையும் தாண்டி ஓடும்.

அதையும் மீறி முழு அலுவலகமும் போகத்தான் போகிறது என்றால், தீர்மானத்துக்கு முன்பே இந்தத் தாள்களைக் கேளுங்கள்: காம்ப்ளக்ஸின் அனுமதித்த வரைபடம், நிறைவுச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, வில்லங்கச் சான்று, சொத்து வரி நிலுவை, பொதுப்பணித்துறையின் வாடகை மதிப்பீடு, கட்டட உறுதி அறிக்கை. பராமரிப்புக் கட்டணம், ஜெனரேட்டர் டீசல், லிஃப்ட் செலவு வாடகைக்குள் அடங்குமா, தனியா என்பதும் எழுத்தில் வேண்டும். இழுபறி வருவது அங்கேதான். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அது பதிவாக வேண்டும், ஆகவே மறைத்து வைக்க முடியாது. நகராட்சி வாய்மொழியாக மழுப்பினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சங்கத்தின் பெயரில் போடாமல், உறுப்பினர் ஒருவரின் சொந்தப் பெயரில் போடுங்கள். அந்தச் சட்டத்தில் தகவல் கேட்கும் உரிமை குடிமக்களுக்குத்தான். சங்கம் கேட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்ப வழி வைக்காதீர்கள்.