எபோலாவை நைஜீரியா தடுத்தது எவ்வாறு? கேள்வி பதில்

கேள்வி: பன்னாட்டு அமைப்புகளுடன் ஒரு நாடு இணைந்து செயல்பட்டால் உலகத்தின் சுகாதாரப் பாதுகாப்பே வலுப்பெறும் என்கிறார்கள். அவ்வாறு நடந்ததற்கு எடுத்துக்காட்டு உண்டா, ஐயா?

பதில்: நைஜீரியாவைச் சொல்வேன். 2014 ஜூலை 20 அன்று, லைபீரியாவிலிருந்து வந்த விமானப் பயணி ஒருவர் எபோலா தொற்றுடன் லாகோஸில் இறங்கினார். நெரிசல் மிகுந்த அந்தப் பெருநகரில் நோய் வேரூன்றியிருந்தால், அங்கிருந்து பல நாடுகளுக்கும் அது பரவியிருக்கும். ஆனால் மொத்தம் 20 பேருக்கே நோய் கண்டது. அவர்களில் 8 பேர் இறந்தனர். புதிய நோயாளி எவருமின்றி 42 நாட்கள் கடந்தபின், அக்டோபர் 20 அன்று உலக சுகாதார நிறுவனம் அந்நாட்டை எபோலா அற்றதாக அறிவித்தது.

கேள்வி: 42 நாட்கள் என்பது என்ன கணக்கு?

பதில்: தொற்றியபின் அறிகுறி தோன்ற அதிகபட்சம் 21 நாட்களாகும். அதன் இரு மடங்கு.

கேள்வி: வெளிநாட்டு நிதி குவிந்ததால்தான் இது முடிந்ததா?

பதில்: நிதியைவிட, முன்பே பயிற்சி பெற்றுக் களத்தில் நின்ற மனிதர்களே காரணம் என்பது என் உறுதியான கருத்து. போலியோவை ஒழிப்பதற்காக, உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கேட்ஸ் அறக்கட்டளை ஆகியவற்றின் துணையுடன் நைஜீரிய அரசு 2012இல் ஓர் அவசரகால நடவடிக்கை மையத்தை அமைத்திருந்தது. எபோலா வந்ததும் அதே முறையில் மற்றொரு மையம் திறக்கப்பட்டது. போலியோ மையத்தில் துணைப் பொறுப்பிலிருந்த மருத்துவர் ஃபைசல் ஷுஐப் அதற்குத் தலைமையேற்க, போலியோ பணிக்காக நோய்ப்பரவலியல் பயின்றிருந்த 40 மருத்துவர்கள் உடனடியாக அங்கு மாற்றப்பட்டனர். நோயாளிகளுடன் தொடர்பில் வந்த ஏறத்தாழ 900 பேரைக் கண்டறிந்து, ஒவ்வொருவரையும் 21 நாட்கள் கண்காணிப்பதற்காகக் களப்பணியாளர்கள் சுமார் 18,500 முறை நேரில் சென்றனர். சொட்டு மருந்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய அனுபவம் இல்லாத ஒரு நாட்டால் சில வாரங்களில் இதைச் செய்திருக்க முடியாது.

கேள்வி: வெளியாரைச் சார்ந்திருப்பது ஆபத்தில்லையா?

பதில்: தலைமை நாட்டின் கையிலிருந்து நழுவினால் ஆபத்துதான், இங்கே அது நழுவவில்லை. மேலும், எந்தப் பன்னாட்டு அமைப்பும் வந்து சேர்வதற்கு முன்பே, முதல் நோயாளியை வெளியே அனுப்பும்படி வந்த அழுத்தத்திற்குப் பணியாமல் அவரை மருத்துவமனையிலேயே நிறுத்தி வைத்தவர், அமேயோ அடாடேவோ என்னும் நைஜீரிய மருத்துவர். அவருக்கும் நோய் தொற்றி, ஆகஸ்ட் 19 அன்று உயிரிழந்தார். அவருடைய துணிவு இல்லையெனில், மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் காலம் கடந்தே தொடங்கியிருக்கும்.

கேள்வி: பிற நாடுகளுக்கு இதனால் நேரடிப் பயன் கிடைத்ததா?

பதில்: கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் வழியாக நைஜீரிய மருத்துவத் தன்னார்வலர்கள் லைபீரியாவுக்கும் சியரா லியோனுக்கும் பணியாற்றச் சென்றனர்.