ஒப்பீட்டு அரசியல் தாளுக்கு கைடு தவிர வேறு எதைப் படிப்பது?

கேள்வி: பென்னாகரத்தில் இருந்தபடி அஞ்சல்வழியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன், தமிழ்வழி. ஒப்பீட்டு அரசியலுக்கு ஒரு கைடு மட்டும்தான் கையில் இருக்கிறது. கூடுதலாக எதைப் படிக்கலாம்? கம்ப்யூட்டர் இல்லை, போன்தான்.

பதில்: முதலில் அந்த கைடைச் சோதித்துப் பாருங்கள். பிரான்ஸ் அதிபரின் பதவிக்காலம் 7 ஆண்டு என்கிறதா? 2000-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் அது 5 ஆகிவிட்டது. பிரிட்டனில் மேல்முறையீட்டின் கடைசிப் படி பிரபுக்கள் சபை என்கிறதா? 2009 அக்டோபர் முதல் அங்கே தனி உச்ச நீதிமன்றம் இயங்குகிறது. சீன அதிபர் தொடர்ந்து இரண்டு முறைதான் இருக்கலாம் என்கிறதா? 2018 திருத்தத்தோடு அந்த வரம்பு போயிற்று. இவற்றில் இரண்டு தப்பாக இருந்தால், கைடைக் கோட்பாட்டுப் பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை மட்டும் புதிதாக வரும் பதிப்புகளில் இது சகஜம்.

பாடத்துக்கு இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஒப்பீட்டு அரசியல் பாடநூலான எம்.பி.எஸ்.-004 போதும். அவர்களின் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசம். அலகு அலகாக இருப்பதால் உங்கள் சிலபஸில் உள்ளதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம்தான், ஆனால் கடினமில்லை.

மதிப்பெண்ணைக் கூட்டுவது மூல ஆவணம். 'கான்ஸ்டிட்யூட்' என்ற தளத்தில் ஏறக்குறைய எல்லா நாடுகளின் அரசியலமைப்புகளும் ஆங்கிலத்தில் உள்ளன, தலைப்புவாரியாகத் தேடலாம். ஆனால் மொத்தமாகப் படிக்க உட்கார்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஒரே கேள்வியோடு போங்கள். ஒகேனக்கல் உங்கள் வட்டத்தில்தானே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம்: கூட்டாட்சியில் இரு மாநிலங்களுக்குள் ஆற்றுநீர்த் தகராறு வந்தால் தீர்ப்பது யார்?

இந்தியாவில் 262-வது பிரிவு, இதில் நீதிமன்றங்கள் தலையிடாதபடி நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது. 1956-ம் ஆண்டுச் சட்டம் அப்படியே செய்து, தகராறை நடுவர் மன்றத்திடம் விட்டது. அமெரிக்காவில் 3-வது பிரிவின்படி மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். கொலராடோ ஆற்று வழக்கில் 1963-ல் தீர்ப்புச் சொன்னது அந்த நீதிமன்றம்தான். பலர் இதோடு நிறுத்தி, 'இந்தியாவில் நீதிமன்றத்துக்கு இடமில்லை' என்று முடித்துவிடுவார்கள். அங்கேதான் மார்க் போகிறது. காவிரியில் நடுவர் மன்றம் 2007-ல் தமிழகத்துக்கு 419 டிஎம்சி ஒதுக்கியது. மேல்முறையீட்டில் அதை 404.25 ஆகக் குறைத்தது 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம். சட்ட வாசகத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள இந்த இடைவெளியை எழுதினால்தான் அது ஒப்பீடு. இல்லாவிட்டால் இரண்டு நாட்டுக் குறிப்பு, அவ்வளவுதான்.

நாடுகளின் ஜனநாயகத்துக்கு மதிப்பெண் போடும் குறியீடுகளைக் கலந்து எழுதாதீர்கள். ஃப்ரீடம் ஹவுஸ் 100-க்கு மதிப்பெண் தருகிறது (அரசியல் உரிமைக்கு 40, குடிமை உரிமைக்கு 60). எகனாமிஸ்ட் குறியீடு 10-க்கு. ஸ்வீடனின் வி-டெம் 0 முதல் 1 வரை. 2021 அறிக்கைகளில் ஒரே இந்தியாவை முதலாவது 'பகுதி சுதந்திர நாடு' என்றது, இரண்டாவது 'குறையுள்ள ஜனநாயகம்' என்றது, மூன்றாவது 'தேர்தல்வழி எதேச்சாதிகாரம்' என்றது. அளக்கும் பொருள் வேறு, அதனால் முத்திரையும் வேறு. குறியீட்டின் பெயர், ஆண்டு இரண்டும் இல்லாத எண்ணை எழுதவே வேண்டாம். வி-டெம்மின் முழுத் தரவுக் கோப்பு போனுக்குத் தாங்காது; தளத்திலேயே வரைபடம் போட்டுப் பாருங்கள்.

தமிழ்வழி மாணவர்கள் கவனிக்காமல் விடுவது இலங்கையை. அந்நாட்டு அரசியலமைப்பு நாடாளுமன்றத் தளத்திலேயே தமிழில் கிடைக்கிறது. அதிபரும் பிரதமரும் சேர்ந்து ஆளும் முறைக்கு பிரான்ஸோடு வைத்து ஒப்பிட இதைவிட வசதியான நாடு உங்களுக்கு இல்லை. இறக்கும்போது 2022-ன் 21-ம் திருத்தம் சேர்ந்த பதிப்புதானா என்று பாருங்கள். 2020 திருத்தத்தோடு நிற்கும் பழைய கோப்பில் அதிபரின் அதிகாரம் கூடுதலாக இருக்கும்.