தைராய்டு மாத்திரை கல்லீரலைக் கெடுக்குமா?

கேள்வி: எனக்கு 48 வயது. ஒன்பது வருடமாகத் தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராம் சாப்பிட்டு வந்தேன். நாலு மாதம் முன்பு முழு உடல் பரிசோதனையில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்தது. தைராய்டு மாத்திரைதான் கல்லீரலைக் கெடுக்கிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மூன்று மாதமாக நிறுத்திவிட்டேன். கீழாநெல்லிச் சாறும் அஸ்வகந்தா கேப்சூலும் எடுத்துக்கொள்கிறேன். முடி கொட்டுகிறது, வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்துகிறது, எப்போதும் அசதி, கெட்ட கொழுப்பு 178. என் கணவருக்கும் (54, பிபி உண்டு) ஃபேட்டி லிவர். தைராய்டு ஹார்மோன் கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும் என்று இன்னொரு வீடியோவைப் பார்த்துவிட்டு, நான் நிறுத்திய மாத்திரையை அவர் போட்டுக்கொள்கிறார். ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன். என் கல்லீரலை நானே கெடுத்துக்கொண்டேனா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: கெடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருடம் மாத்திரை போட்டதில் ஒரு தப்பும் இல்லை. மூன்று மாதம் போடாமல் விட்டதுதான் தப்பு. உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அதே அளவில் மறுபடி ஆரம்பித்துவிடுங்கள்.

நீங்கள் சாப்பிட்டது தைராக்சின். உங்கள் கழுத்துச் சுரப்பி சுரக்க வேண்டிய அதே ஹார்மோன், அதே அமைப்பு. சரியான அளவில் கொடுத்த தைராக்சின் கல்லீரலைக் கெடுப்பது மிக மிக அரிது. உண்மையில், கொழுப்பை எரிப்பதற்குக் கல்லீரலுக்கு இந்த ஹார்மோன் வேண்டும். ரத்தத்தில் இருக்கும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்வதும் இதன் உத்தரவில்தான் நடக்கிறது. ஹார்மோன் குறைந்தால் இரண்டுமே மந்தமாகிவிடும்: கல்லீரலுக்குள் கொழுப்பு தங்கும், ரத்தத்திலும் ஏறும். டிஎஸ்ஹெச் என்ற ரத்த அளவு, தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய ஏறும். பரிசோதனையின்போது 3.1 இருந்த உங்கள் டிஎஸ்ஹெச் போன மாதம் 24. அசதிக்கும் 178-க்கும் வேறு காரணம் தேடி அலைய வேண்டாம்.

அதற்காக, கொழுப்புக் கல்லீரல் முழுக்கத் தைராய்டால் வந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஸ்கேன் எடுத்த அன்று உங்கள் தைராய்டு கட்டுப்பாட்டில்தான் இருந்தது, கொழுப்பும் இருந்தது. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.3, இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. பெரிய காரணம் அங்கேதான் இருக்கிறது. 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை என்போம். நீங்கள் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனாலே வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று கணக்கு. தைராய்டுக் குறைவு இதற்கெல்லாம் துணைபோகும், அவ்வளவுதான்.

சரி, இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். 'கிரேடு 2' என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் நீங்கள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். ஸ்கேனில் கல்லீரல் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்பதை வைத்துப் போடும் கிரேடு அது. கொழுப்பு எவ்வளவு என்று ஓரளவு சொல்லும்; கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று சொல்லாது. பின்னாளில் கல்லீரலைச் சுருங்க வைப்பது தழும்புதான். அதற்கான துப்பு, நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லாத ஒரு வரியில் இருக்கிறது: பிளேட்லெட். 2022 ரிப்போர்ட்டில் 2.1 லட்சம். நாலு மாதம் முன்பு 1.48. போன மாதம் 1.36. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். 1.48-ஐப் பார்த்தவர்கள் 'கொஞ்சம்தானே' என்று விட்டிருப்பார்கள். தனியாகப் பார்த்தால் கொஞ்சம்தான். மூன்று ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்தால் அது ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

டெங்கு நேரத்தில் எல்லோரும் பிளேட்லெட்டை எண்ணுகிறோம், மற்ற நாளில் மறந்துவிடுகிறோம். கல்லீரலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் கல்லீரல் வழியாகத்தான் போயாக வேண்டும். கல்லீரல் இறுகினால், மதகை முக்கால்வாசி மூடிய வாய்க்கால் மாதிரி, ரத்தம் பின்னால் தேங்கும். தேக்கத்தில் மண்ணீரல் வீங்கும், வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் ஸ்கேனில் மண்ணீரல் 12.9 சென்டிமீட்டர். கொஞ்சம் பெரிதுதான், அதையும் யாரும் அடிக்கோடிடவில்லை.

வயது, கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. தனிச் செலவில்லை, கையிலிருக்கும் ரிப்போர்ட்டே போதும். 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேலே என்றால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் எஸ்ஜிஓடி 58, எஸ்ஜிபிடி 46. கணக்குப் போட்டால் 3.0 வருகிறது.

உடனே பயந்துவிட வேண்டாம். உங்கள் விஷயத்தில் இந்தக் கணக்கில் ஒரு கோளாறு இருக்கிறது. எஸ்ஜிஓடி கல்லீரலில் மட்டும் இருப்பதில்லை, தசையிலும் உண்டு. தைராய்டு நன்றாகக் குறைந்தால் தசையிலிருந்தும் கசியும். டிஎஸ்ஹெச் 24 இருக்கும்போது எடுத்த எஸ்ஜிஓடியை அப்படியே நம்ப முடியாது. அதனால்தான் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கேட்கிறேன். அது கூடியிருந்தால் தசைக்கும் பங்கு இருக்கிறது என்று தெரியும். ஆனால் தசையின் பங்கைக் கழித்து எஸ்ஜிஓடியை 40 என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு 2-க்குக் கீழே இறங்கவில்லை. பிளேட்லெட் இழுத்துப் பிடிக்கிறது.

பிளேட்லெட் குறைய வேறு காரணங்களும் உண்டு. சமீபத்தில் காய்ச்சல் வந்ததா? பி12 எப்படி இருக்கிறது? சில பேருக்கு ரத்தம் எடுத்த டியூபிலேயே பிளேட்லெட் கட்டிக்கொண்டு மெஷின் குறைத்து எண்ணிவிடும்; மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவதால் வரும் தைராய்டுக் குறைவுதான் அதிகம். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு அதே எதிர்ப்பு சக்தி கல்லீரலையும் தாக்கும். ஏஎன்ஏ, ஏஎம்ஏ பரிசோதனைகள் அதற்காக.

முக்கியமானது ஃபைப்ரோஸ்கேன். ஊசி கிடையாது, வலி கிடையாது, பத்து நிமிட வேலை. மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். கல்லீரலின் இறுக்கத்தை கிலோபாஸ்கல் அளவில் சொல்லும். 8-க்குக் கீழே என்றால் ஒரு பெருமூச்சு விடலாம், பிளேட்லெட்டுக்கு வேறு காரணம் தேடலாம். 12-க்கு மேலே என்றால் தழும்பு முற்றியிருக்கலாம். பிளேட்லெட்டும் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருப்பதால் உணவுக்குழாயின் ரத்த நாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோபி செய்யச் சொல்வார்கள். இதற்கிடையில் கருப்பாக மலம் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பிக்கொண்டே போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம், உங்கள் கணவர். கோபம் வருகிறது, மறைக்கவில்லை. மனைவிக்கு ஒரு வீடியோ, கணவருக்கு ஒரு வீடியோ, நடுவில் ஒரே மாத்திரைப் பெட்டி! அவர் பார்த்ததில் ஒரு துளி உண்மை இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் போய் ஒட்டும் ஏற்பிகளில் இரண்டு வகை: கல்லீரலில் பெரும்பாலும் பீட்டா, இதயத்தில் பெரும்பாலும் ஆல்ஃபா. பீட்டாவை மட்டும் தூண்டும்படி வடிவமைத்த ரெஸ்மெடிரோம் என்ற மருந்துக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் கொழுப்பு இருக்கும் எல்லோருக்கும் அல்ல. அழற்சியும் நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ தழும்பும் இருந்து, சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கும் முற்றிய நிலை) வராதவர்களுக்கு. உங்கள் தைராக்சின் அப்படி ஆள் பார்த்து வேலை செய்யாது, இதயத்தையும் சேர்த்து விரட்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்க டெக்ஸ்ட்ரோ தைராக்சின் என்ற இதன் உறவுக்கார மருந்தை மாரடைப்பு வந்தவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வில் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு கூடியதால் 1970களின் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். பிபி உள்ள 54 வயதுக்காரர் விளையாடும் விளையாட்டா இது? இன்றோடு அவர் நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகும் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால் ஒரு ஈசிஜியும் தைராய்டு பரிசோதனையும் எடுக்கட்டும். படபடப்பு, மூச்சிரைப்பு, நெஞ்சில் இறுக்கம் இருந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். முடி கொட்டுவது தைராய்டு சரியான பின் சில மாதங்களில் குறையும். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டிவிடும். சுருக்கென்று குத்தும் வலி கல்லீரல் வலி அல்ல, பித்தக்கல்லும் ஸ்கேனில் இல்லை, விடுங்கள். 178-க்கு இப்போது மாத்திரை வேண்டாம், தைராய்டு சரியான பின் பார்க்கலாம். அப்போதும் கூடுதலாக இருந்தால் ஸ்டாட்டின் தருவார்கள். ஃபேட்டி லிவர் இருப்பவர்கள் ஸ்டாட்டின் போடக் கூடாது என்று மூன்றாவது வீடியோ பார்க்காதீர்கள், போடலாம். கீழாநெல்லி கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு நம்பும்படி ஆதாரம் இல்லை. அஸ்வகந்தாவை இன்றே நிறுத்துங்கள். அதனாலேயே கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, தைராய்டு அளவையும் அது குழப்பும். எடையில் ஏழு கிலோ குறைந்தால் கொழுப்பும் அழற்சியும் நன்றாக இறங்கும். எப்படிக் குறைப்பது என்று இதற்குள் நாலு பேர் சொல்லியிருப்பார்கள், அவர்கள் சொன்னது சரிதான்.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், காபிக்கு முன் அரை மணி நேரமாவது போகட்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்து ஃபிப்-4 கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள். ஃபைப்ரோஸ்கேனை மட்டும் அதுவரை தள்ளிப்போடாதீர்கள். அதை இந்த மாதமே எடுத்து, 2022 ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கல்லீரல் மருத்துவரிடம் காட்டுங்கள்.