லினக்ஸில் பாட்டு கரகரக்கிறது, ஸ்பீக்கர் மாற்றியும் தீரவில்லை: எங்கே தொடங்குவது?

முதலில் இரைச்சல் எப்படிப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

சத்தம் கூடும்போது மட்டும் உடைந்து கரகரத்தால் அது கிளிப்பிங், அதாவது ஒலி தன் உச்ச வரம்பைத் தாண்டி வெட்டுப்படுவது. டெர்மினலில் ஆல்சாமிக்சர் (alsamixer) என்ற ஒலியளவுக் கருவியைத் திறந்து, எஃப்6 அழுத்தி உண்மையான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பெரும்பாலும் ஒரே ஒரு ஒலியளவுப் பட்டைதான் தெரியும். பலர் தடுமாறுவது இங்கேதான். மாஸ்டர் (மொத்த ஒலியளவு) பட்டையையோ பிசிஎம் (PCM, டிஜிட்டல் ஒலியளவு) பட்டையையோ நகர்த்தும்போது மேலே டெசிபெல் அளவு தெரியும். அது 0-ஐத் தாண்டியிருந்தால் குறையுங்கள். டெஸ்க்டாப் வால்யூமும் 100 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

எதுவும் ஓடாதபோதும் 'உஸ்' என்று கேட்டால், மைக், லைன் பட்டைகளை எம் விசையால் மூடுங்கள். மைக் பூஸ்டை 0 ஆக்குங்கள்.

பாட்டு தொடங்கும்போதும் நின்று சில நொடி கழித்தும் மட்டும் 'டப்' என்றால் கார்டு உறங்கி எழுகிறது. பல கணினிகளில் சவுண்ட் கார்டை இயக்கும் இன்டெல் எச்டிஏ டிரைவரின் (snd_hda_intel) பவர் சேவ் (power_save) மதிப்பை 0 ஆக்கினால் நின்றுவிடும். பேட்டரிச் செலவு சற்றே கூடும்.

இடையிடையே வெட்டி வெட்டி வந்தால் பஃபர், அதாவது ஒலித் தரவு காத்திருக்கும் தற்காலிக இடம், காலியாகிறது. பைப்வயர் (PipeWire) என்ற ஒலிச் சேவை உள்ள கணினியில் அதன் கண்காணிப்புக் கருவியான பிடபிள்யூ-டாப்பை (pw-top) ஓட்டி, பிழை (ERR) எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் குவாண்டத்தை, அதாவது ஒரு தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, 1024-லிருந்து 2048 ஆக்குங்கள். 48,000 ஹெர்ட்ஸில் தாமதம் சுமார் 21 மில்லிநொடியிலிருந்து 43 ஆகும். பாட்டு கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது, ரெக்கார்டிங் செய்பவருக்குத்தான் தொல்லை.

சார்ஜரைப் பிடுங்கியதும் ரீங்காரம் நின்றால் அது மின் இணைப்பின் கோளாறு. லினக்ஸை நோண்டாதீர்கள்.