குதிரை வண்டியின் அச்சும், சக்கரத்து நடுவில் அச்சு நுழைகிற குடமும் சீக்கிரம் தேயாமல் இருக்க என்ன செய்யலாம்?

பழைய குதிரை வண்டி ஒன்றை வாங்கியதாகவும், வாரம் தவறாமல் கிரீஸ் வைத்தும் ஆறே மாதத்தில் சக்கரம் ஆட ஆரம்பித்துவிட்டதாகவும் கேட்டிருக்கிறீர்கள். கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிற வண்டியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பந்தய வண்டி என்றால் இதோடு நிறுத்திவிடுங்கள், அந்த ஆட்கள் எனக்கே பாடம் எடுப்பார்கள்.

கிரீஸ் போதாமல் தேய்ந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பழைய கிரீஸை வழிக்காமல் அதன் மேலேயே புதியதை அப்பியிருப்பீர்கள். நானும் அதைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

எங்களுக்குத் திசையன்விளை. அப்பா ஜட்கா ஓட்டினார். பஜாரிலிருந்து உவரிக்கு ஆள் ஏற்றுவதுதான் பிழைப்பு. அந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், தார் ரோட்டை விட்டு இறங்கினால் செக்கச்செவேல் என்று தேரி மணல். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது மணல் ரோட்டிலேயே ஓடும், சோற்றிலும் விழும். இது போதாதென்று உவரிக் கோயிலில் மண் சுமக்கிற நேர்ச்சை வேறு. கடலிலிருந்து பெட்டி பெட்டியாக மண் சுமந்து கொட்டிவிட்டு, ஈரச் சேலையும் மணல் காலுமாக வந்து வண்டியில் ஏறுவார்கள். பின்னால் படி இருக்கும். இருந்தாலும் பாதிப் பேர் சக்கரத்துக் குடத்தில் மிதித்துத்தான் ஏறுவார்கள்.

1979, வைகாசி விசாகத்துக்கு முந்தின நாள். எனக்கு 13 வயது. “ஏலே, நாளைக்கு நாலு நடை இருக்கு. பழைய மைய சுத்தமா வழிச்சிட்டுப் புதுசு போடு” என்று சொல்லிவிட்டு அப்பா குதிரைக்குக் காணம் வாங்கப் போனார். மை என்றால் வண்டி மை, விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்தது. வண்டிக்கு முட்டுக் கொடுத்து, சக்கரம் கழன்று போகாமல் அச்சு நுனியில் செருகியிருக்கிற கடையாணியை உருவி, சக்கரத்தை ஒரு சாண் வெளியே இழுத்தேன். கண்ணுக்குத் தெரிந்த இடத்தைச் சாக்கால் துடைத்தேன். முழுக்கக் கழற்றிக் குடத்துக்குள் துணியை விட்டுத் துடைக்கவேண்டும். தெருவில் கிளித்தட்டு நடந்துகொண்டிருந்தது, எனக்கு எங்கே பொறுமை? ஓலைக் கொட்டானில் இருந்த மையில் பாதியை அள்ளி அப்பிச் சக்கரத்தைத் தள்ளிவிட்டேன். வெளியே பிதுங்கி வழிந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது.

மறுநாள் மூன்றாவது நடையில் வலது சக்கரம் டக், டக் என்று தட்டியது. குளம்புச் சத்தத்துக்கு நடுவிலும் அப்பா காதில் அது விழுந்துவிட்டது. “லாடம் இல்ல, குடம் தட்டுது” என்று கடிவாளத்தை இழுத்தார். வண்டி நிற்பதற்குள் கடையாணி ஒடிந்து, சக்கரம் பாதி வெளியே வந்து, வண்டி சாய்ந்தது. யாருக்கும் அடி இல்லை. ஒரு ஆச்சியின் அர்ச்சனைத் தேங்காய் மட்டும் ரோட்டில் உருண்டது. “எய்யா, நான் நடந்துக்கிடுதேன், நீ சங்கடப்படாத” என்று காசையும் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பாவுக்கு அதுதான் பெரிய அவமானமாகப் போயிற்று.

வீட்டில் சக்கரத்தை முழுக்கக் கழற்றினார். உள்ளே மை கறுப்பாக இல்லை, செம்மண் குழம்பாக இருந்தது. இரண்டு விரலில் தேய்த்தால் நறநறத்தது. என்னை அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து, விரல் நகத்தை அச்சின் மேல்பக்கம் வைத்து இழுத்தார், வழுக்கிக்கொண்டு போனது. அடிப்பக்கம் வைத்து இழுத்தார், நகம் தடக் தடக்கென்று பள்ளங்களில் விழுந்து எழுந்தது. “இது நீ போட்ட கோடு” என்றார்.

மணல் போய் இரும்பை அரைக்குமா என்று கேட்க ஆள் வரும். மணலில் இருப்பது குவார்ட்ஸ், அது சாதாரண இரும்பைவிடக் கடினம். எங்கள் கடற்கரையில் கார்னெட் என்கிற கடினமான சிவப்புக் கல் துகளும் கலந்திருக்கும், அதைத்தான் உப்புத்தாளில் ஒட்டுகிறார்கள். எண்ணெயில் குழைந்து உள்ளே சுற்றினால் அம்மியில் அரைக்கிற கதைதான். புது கிரீஸ் போடப் போட அரைப்பதற்கு வாகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே கழற்றுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு அச்சையும், குடத்துக்குள் அச்சைச் சுற்றி இருக்கிற உலோகக் குழாயான புஷ்ஷையும் கழுவி, துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும்வரை துடைத்து, பிறகு மெல்லிசாகப் பூசுங்கள். லித்தியம் கிரீஸ் போதும், வெயிலில் உருகி ஓடாது. விளக்கெண்ணெய் மை ஒன்றும் மட்டமில்லை, ஆனால் அடிக்கடி போடவேண்டும்.

அடுத்தது, வண்டியில் அச்சு சுற்றாது, சக்கரம்தான் சுற்றும். அதனால் புஷ் சுற்றிலும் தேயும், அச்சு அடிப்பக்கமும் கொஞ்சம் முன்பக்கமும் மட்டும் தேயும். நேரான அச்சாக இருந்தால் கழற்றி மேல்கீழாகத் திருப்பிப் போடலாம், இன்னொரு ஆயுள் கிடைக்கும். கொல்லர் பட்டறையில் எங்களுக்கு அதைத்தான் செய்தார்கள். நுனி கீழ்நோக்கிச் சாய்ந்த அச்சில் இந்த வேலை ஆகாது, சக்கரம் கோணிக்கொள்ளும். புஷ் மாற்றுவதாக இருந்தால் லேத் பட்டறையில் வெண்கலத்தில் கடைந்து போடச் சொல்லுங்கள். தேய்வது மலிவான சாமானாக இருக்கட்டும்.

டயரும் பேரிங்கும் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். மணல் உள்ளே போகாமல் மூடியிருக்கிற சீல் நன்றாக இருக்கும்வரை சரி. சீல் கிழிந்த பேரிங் மணலில் புஷ்ஷைவிடச் சீக்கிரம் போகும்.

குதிரையை வண்டியில் பூட்டுவதே பாவம் என்று எழுதுகிறவர்களும் வருவார்கள். இருக்கட்டும். அச்சைக் கவனிப்பது குதிரைக்காகவும்தான். ஒரு சக்கரம் மட்டும் சுற்றாமல் இறுகிப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும், குதிரைக்குப் புண் வரும். முன்பாரம் அதிகமானால் முதுகில் அழுத்தும். எங்கள் குதிரையை அப்பா பிள்ளை மாதிரி வைத்திருந்தார். வேலை முடிந்தால் உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பார். கருப்பட்டி என்றதும் சொல்லவேண்டும், இன்று கடையில் அந்தப் பெயரில் விற்பதில் பாதி சீனிப்பாகு. போன மாதம் ஒரு பெரிய கடையில் கிலோ கணக்கில் வாங்கினேன், வாயில் போட்டால் மிட்டாய் மாதிரி கடகடக்கிறது. பனை நிறைந்த ஊரில் பிறந்தவனையே ஏமாற்றுகிறார்கள். அந்தக் குதிரை இருந்திருந்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எந்தச் சக்கரம் ஆடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நம் ரோட்டில் நடு மேடு, ஓரம் சரிவு. இடது ஓரமாகவே ஓடுகிற வண்டியில் அச்சு இடப்பக்கம் நழுவப் பார்க்கும், அப்போது வலது கடையாணிதான் குடத்தின் வெளிமுகத்தில் உரசும். அந்த இடத்துத் தோல் வாசர் தேய்ந்து காகிதமாக இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். புது வாசரை விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள்.