நடுத்தரக் குடும்பத்து டிரைவர்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நியூயார்க்கின் பணக்காரப் பள்ளிப் பிள்ளைகள், அவர்களுடைய நட்பு, போட்டி, கிசுகிசு என்று ஓடும் ஆங்கில நாவல்களை வரிசையாக வாங்கிப் படித்துத் தள்ளுகிறாள். நாங்கள் சாதாரண நடுத்தரக் குடும்பம். அந்தப் புத்தகங்களை எடுத்து டிரைவரிடம் கொடுத்து, எங்காவது போட்டுவிடச் சொல்லிவிட்டேன். செய்தது சரிதானே? இப்படிப்பட்ட கதைகள் தமிழில் வராமல் இருப்பது நம் பண்பாட்டின் பெருமை என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அடையாறு

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த சொல் 'டிரைவர்'. அதற்கு முந்தைய வரியில் 'சாதாரண நடுத்தரக் குடும்பம்' என்று இருக்கிறது. இரண்டும் ஒரே தாளில், ஒரே மையில். சென்னையில் மட்டும்தான் இது நடக்கும் என்று எழுத ஆசை. கோயம்புத்தூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இந்த ஊரில் ஒரு பணக்காரரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? போட் கிளப் ரோட்டில் குடியிருப்பவரைக் கேளுங்கள். "அதெல்லாம் அப்பா காலத்துல வாங்கிப் போட்டது சார், அப்ப இங்க ஒண்ணுமே கிடையாது" என்பார். மூன்று கார் வைத்திருப்பவர், ஒன்று கம்பெனியுடையது, ஒன்று மாமனார் கொடுத்தது, மூன்றாவது ரொம்பப் பழசு என்று கணக்குச் சொல்லிக் கையை விரிப்பார். பெசன்ட் நகரில் கடல் தெரிகிற பால்கனியில் உட்காரவைத்து, "நம்மள மாதிரி மிடில் கிளாஸ் இந்த ஊர்ல வாழவே முடியாது போலிருக்கே" என்று ஒருவர் என்னிடம் அங்கலாய்த்தார். நானும் உச்சுக்கொட்டினேன். காப்பி நன்றாக இருந்தது. வைரத்தோடு பாட்டியுடையது. கொடைக்கானல் வீடு 'சும்மா ஒரு இடம்'. லண்டனில் படிக்கிற பையன் 'ஏதோ லோன் போட்டு'. பணக்காரர் யாரய்யா என்றால் அடுத்த தெருவைக் காட்டுகிறார்கள். அடுத்த தெருவில் போய்க் கேட்டால் ஈசிஆர் பக்கம் கை நீட்டுகிறார்கள்.

பணக்காரப் பிள்ளைகளின் கதை தமிழில் ஏன் வரவில்லை என்பதற்கு இதுதான் பதில். பண்பாட்டை இதில் இழுக்காதீர்கள். அப்படி ஒரு கதைக்கு முதலில் 'ஆமாம், நான்தான்' என்று ஒப்புக்கொள்கிற ஒரு பணக்காரர் வேண்டும். உங்கள் மகள் படிக்கிற வகைக்கு வழிகாட்டியான 'காஸிப் கேர்ள்' வரிசையை 2002-இல் தொடங்கிய சிசிலி வான் ஸீகசர், மன்ஹாட்டனின் அப்பர் ஈஸ்ட் சைடில் அதே மாதிரி ஒரு பெண்கள் பள்ளியில் படித்தவர். தன் ஆட்களைத் தானே எழுதினார். அங்கே யாரும் பாட்டி தோடு என்று மழுப்புவதில்லை.

நம் கதைகளில் பணக்காரரே வந்ததில்லையா என்பீர்கள். வந்தார். வளைந்து இறங்கும் மாடிப்படியில், பட்டு கவுன் மாட்டிக்கொண்டு, வாயில் பைப்புடன் வந்தார். மே மாத மெட்ராஸில், முழுக்கை வைத்து இடுப்பில் நாடா கட்டிய கவுன். அந்த மனிதருக்கு ஒருநாளும் வேர்த்ததில்லை. அவர் என்னதான் தொழில் செய்கிறார் என்று கண்டுபிடிக்க என் இளமையில் பாதியைக் கொட்டகைகளில் செலவழித்தேன். 'பிஸினஸ் விஷயமா பம்பாய் போறேன்' என்பார். என்ன பிஸினஸ்? 'எஸ்டேட்' என்பார். தேயிலையா, காப்பியா? மூச்சு விடமாட்டார். குமாஸ்தா நீட்டுகிற தாளில் நின்றுகொண்டே கையெழுத்துப் போடுவார், படித்துப் பார்க்காமல். எந்தப் பணக்காரனும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பணக்காரனாக இருந்ததில்லை. மகள் டென்னிஸ் மட்டையோடு உள்ளே வருவாள். எங்கே ஆடினாள், யாரோடு ஆடினாள், ஜெயித்தாளா? இயக்குநருக்கே தெரியாது. பிறகு ஓர் ஏழைக் கதாநாயகன் வந்து அவளுடைய திமிரை அடக்கிப் புடவை கட்டவைப்பான், அப்பா கவுனோடு திருந்துவார். திருந்துவதற்கென்றே படைக்கப்பட்ட ஒரு சாதி. இதே ஆட்கள் பள்ளிப் பிள்ளைகளாக வந்தால், ஏழைப் பையனின் டிபன் பாக்ஸைத் தட்டிவிடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது.

திருந்துவது என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறது. இளையோர் இலக்கியம் நல்வழி காட்ட வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கும் விமர்சகர். பெயரைச் சொன்னால் மறுப்புக் கட்டுரை எழுதுவார், நான்தான் அதைப் பிழை திருத்த வேண்டியிருக்கும். சிறுவர் கதைகளுக்குக் கீழே 'நீதி:' என்று ஒரு வரி போடுவதை இந்தப் பத்திரிகை நிறுத்தியபோது, ஒரு தலைமுறையே நாசமாகப் போகிறது என்று எழுதியவர் அவர். அந்தத் தலைமுறை வீட்டுக் கடனும் சர்க்கரை வியாதியுமாக ஒழுங்காகத்தான் இருக்கிறது. அவரிடம் என் கேள்வி ஒன்றே ஒன்று, பல வருடமாக நிலுவையில் உள்ளது. அம்புலிமாமா 1947-இல் வந்தது. கோகுலம் 1972-இல் வந்தது. அவற்றைத் தாண்டிய பிள்ளை நேராக ராஜேஷ்குமாருக்கும் பட்டுக்கோட்டை பிரபாகருக்கும் போனது, பிணத்தில் தொடங்கும் மாத நாவல்களுக்கு. பதிமூன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் நாம் அதற்குப் படிக்கக் கொடுத்தது என்ன? கோனார் தமிழ் உரை.

இன்னொன்று. பெண்கள் விடுதிப் பள்ளி, கோஷ்டி, கோள்மூட்டல், நள்ளிரவில் ஒளித்துவைத்துத் தின்பது, இதெல்லாம் எனிட் பிளைட்டனிடம் இருந்ததுதான். 'மேலரி டவர்ஸ்' ஆறு புத்தகம், 1946 முதல் 1951 வரை. உங்கள் வயது அடையாற்றுப் பெண்களில் பாதிப் பேர் வாடகை நூலகத்தில் முறைவைத்துப் படித்தது அதைத்தான். அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களும் ஏழைகள் இல்லை. பிளைட்டன் கேக்கோடு நிறுத்திக்கொண்டார், வான் ஸீகசர் ஷாம்பெயின் வரை போனார். போகக் கூடாது என்று அமெரிக்க அம்மாக்களும் கொதித்தார்கள். 2006-இல் அந்த நாட்டு நூலகங்களில் அதிக ஆட்சேபணைக்குள்ளான புத்தகங்களின் பட்டியலில் காஸிப் கேர்ள் வரிசைக்கு இரண்டாம் இடம். முதலிடம் எதற்குத் தெரியுமா? இரண்டு ஆண் பென்குயின்கள் ஒரு குஞ்சை வளர்க்கிற குழந்தைப் படக்கதைக்கு. பென்குயினிடம் தோற்றுப்போன ஒழுக்கக்கேட்டுக்கு நீங்கள் இவ்வளவு பயப்பட வேண்டாம்.

சரி, கிசுகிசு. அதை நியூயார்க்கிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய ஊரா இது? லட்சுமிகாந்தன் என்று ஒருவர் 'சினிமா தூது' நடத்தினார். நட்சத்திரங்களின் படுக்கையறையை வாராவாரம் அச்சுக்கோத்தார். உரிமம் ரத்தானதும் 'இந்துநேசன்' என்ற பெயரில் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்துப்பட்டு, மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் அந்த வழக்கில் தண்டனை பெற்று, 1947-இல்தான் விடுதலையானார்கள். கலைவாணர் மீண்டுவந்தார். பாகவதர் பழைய பாகவதராக வரவே இல்லை. இந்த ஊர்க் கிசுகிசு இப்படி ஆளையே விழுங்கியிருக்கிறது. நியூயார்க் நாவல் படிக்கிற பிள்ளையிடம் போய்ப் பண்பாட்டுப் பெருமை பேசுகிறீர்கள்.

குறளை இழுக்காமல் ஒரு பதில்கூட எழுதமாட்டீரா என்று ஒரு வாசகர் திட்டியிருந்தார். மாட்டேன். 115-ஆம் அதிகாரம் முழுக்க ஊர்வம்புதான். அதில் ஒரு பெண் சொல்கிறாள்: 'ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல் நீராக நீளும்இந் நோய்.' ஊர்ப்பேச்சு உரம், அம்மாவின் ஏச்சு தண்ணீர், காதல் பயிர் செழிக்கிறதாம். புத்தகத்தைப் பறித்த அன்று நீங்கள் எத்தனை குடம் ஊற்றினீர்களோ தெரியாது.

இப்போது உங்கள் வீட்டுப் பிள்ளையின் நாவலுக்கு வருவோம். நியூயார்க் கதைகளில், வயதுவந்த பெண்ணை ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அறிமுகப்படுத்தும் நடன விருந்து ஒன்று வரும். நமக்கு அரங்கேற்றம் இருக்கிறது, அம்மா! பட்டுத்துணி ஒட்டிய பெட்டிக்குள் அழைப்பிதழ், அதோடு முந்திரி. எந்த மண்டபம், எந்தத் தேதி, டிசம்பரா ஆடியா, அமெரிக்கா சித்தப்பா வருகிற வாரமா? மிருதங்கத்துக்கு யார்? தலைமை விருந்தினர் ஓய்வுபெற்ற நீதிபதியா, நடித்துக்கொண்டிருக்கிற நடிகையா? எத்தனை உடை மாற்றம்? 'எங்களால முடிஞ்ச அளவுக்கு சிம்பிளா' என்று சொல்லிக்கொண்டே ஒரு கல்யாணச் செலவு. அதே வகுப்பில் இன்னொருத்திக்கு அடுத்த மாதம் அரங்கேற்றம். அவள் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, இவள் முக்கால் மணி நேர வர்ணத்தில் எங்கே ஜதி தப்புகிறாள் என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறாள். தில்லானா முடிவதற்குள் சேதி கேன்டீனுக்குப் போய்விடுகிறது. போண்டா ஆறுவதற்குள் திருவான்மியூர் தாண்டிவிடுகிறது. மேடைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, 'செம்மடி!' என்கிறாள். நட்பு, போட்டி, கிசுகிசு மூன்றும் முடிந்ததா? ஷாம்பெயின் ஒரு சொட்டுக் கூட இல்லை.

அந்த ஆங்கிலக் கதையைத் தொலைக்காட்சியில் 2007 முதல் 2012 வரை ஓட்டினார்கள். வம்பை அவிழ்த்துவிடும் குரல் யாருடையது என்று தெரிய ஆறு சீசன் காத்திருந்தார்கள். சென்னையில் ஆறு நிமிடம் போதும். மத்தியானம் மூன்று மணிக்கு எந்தப் பெரிய பள்ளி வாசலுக்கும் போங்கள். தூங்குமூஞ்சி மர நிழலில் டிரைவர்கள் நிற்கிறார்கள். வண்டிக்குள் உட்கார்ந்தால் ஏசி போட முடியாது, டீசலுக்கு வீட்டில் கணக்குக் கேட்பார்கள். எந்த வீட்டு ஐயா தனியாகச் சாப்பிடுகிறார், எந்த வண்டிக்கு இரண்டு தவணை பாக்கி, எந்தப் பையன் ஐஐடி கோச்சிங் வாசலில் இறங்கி எதிர்ப்பக்கம் நடக்கிறான், எல்லாம் அங்கே தெரியும். அவர்கள் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. அதனால்தான் இந்த ஊரில் இத்தனை நடுத்தரக் குடும்பங்கள் நிம்மதியாக இருக்கின்றன.

அந்த வாசலில் இன்னொரு கதையும் நிற்கிறது. 2009-இல் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். காரில் வருகிறவளும் கார் ஓட்டுகிறவர் மகளும் ஒரே பெஞ்சில் உட்காரலாம், டிபனை மாற்றிக்கொள்ளலாம், ரகசியம் பேசலாம். எட்டாம் வகுப்போடு அந்தச் சட்டம் கையைக் கழுவிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணம். கோடை விடுமுறை முடிந்து திரும்பினால் பெஞ்சில் ஒருத்தி இருக்கமாட்டாள். ஏன் என்று வகுப்பில் யாரும் சத்தமாகக் கேட்கமாட்டார்கள், ஆளுக்கொரு காரணம் மட்டும் சுற்றும். நம் எழுத்தாளர்களில் யாருக்காவது பதினாலு வயதுப் பெண்ணின் காது இருந்திருந்தால் இது இத்தனை நாள் எழுதாமல் கிடந்திருக்காது. நீங்கள் எழுதமாட்டீர்கள், நானும் எழுதமாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் இப்போது உட்கார்ந்திருப்பவள் எழுதலாம்.

ஆகவே, டிரைவரிடம் கேட்டுப் புத்தகங்களைத் திரும்ப வாங்குங்கள். அவர் எங்கும் போட்டிருக்கமாட்டார். அவர் வீட்டில் யாராவது படித்துக்கொண்டிருந்தால், முடித்துவிட்டுத் தரட்டும், அவசரப்படுத்தாதீர்கள். பிறகு மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, அவள் வகுப்பைப் பற்றித் தமிழில் எழுதச் சொல்லுங்கள். 'செம்மடி' என்றே எழுதட்டும், நாங்கள் திருத்தமாட்டோம். தொடராகப் போடுகிறோம். சன்மானம் உண்டு, தாமதமாக வரும், ஆனால் வரும். தபாலில் சேர்ப்பதற்கு முன் நீங்கள் மட்டும் அதைப் பிரித்துப் படித்துவிடாதீர்கள்.